சிறந்த பயிற்சியாளருக்கு விழாத ஓட்டு

எங்கள் லீக்கில் மொத்தம் ஐந்து அணிகள், களத்தில் அணிக்கு ஏழு பேர். ஐந்தாவது இடம் என் அணிக்கு. எட்டு ஆட்டம் ஆடி ஏழில் தோற்றோம். எட்டாவது ஆட்டத்தில் இருபதாவது நிமிடமே கோடை மழை பிடித்துக்கொண்டது. அப்போது இரண்டு பக்கமும் கோல் இல்லை. அதை டிராவாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நனைந்த சேலையோடு மைதானத்து நடுவில் நின்று சண்டை போட்டு வாங்கினேன். அந்த ஒரு பாயின்ட் என் வாயால் வந்தது, யார் காலாலும் வந்ததல்ல.

எனக்குக் கால்பந்து தெரியாது. சொந்த ஊர் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம், வேலை கல்வராயன் மலைமேல், கிராம சுகாதார செவிலியர். வயசுப் பெண்களுக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டு போய் வேலி ஓரம் வீசிவிடுவார்கள். ஏதோ ஒரு திட்டத்தில் வந்த பந்து ஒன்று பஞ்சாயத்து ஆபீஸ் பீரோ மேல் கிடந்தது. என் எதிரில் மாத்திரையை முழுங்குகிறவளுக்குத்தான் பந்து என்று ஒருநாள் சொல்லிவைத்தேன். அவ்வளவுதான் என் பயிற்சி முறை. சந்தையில் கடுக்காய் விற்கிற பெண், மரவள்ளிக் காட்டில் களையெடுக்கிற பெண், பத்தாவதோடு நின்றுவிட்ட பெண் எல்லாம் சாயங்காலமானால் வந்து, மாத்திரை நாளென்றால் முழுங்கி நாக்கையும் நீட்டிக் காட்டிவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

எங்கள் மைதானம் சரிவு. இடது பக்கம் உதைத்தால்தான் பந்து நேராகப் போகும். அப்படியே பழகிவிட்ட பெண்களைக் கீழே கூட்டிப்போனால், சமதரையிலும் இடது பக்கமே உதைத்தார்கள். பந்து ஒழுங்காக இடது பக்கம் போய் வெளியில் விழுந்தது. எதிர் அணிக்காரிகள் முதல் ஆட்டத்தில் அதை ஏதோ மலை வித்தை என்று நினைத்துப் பயந்தார்கள். இரண்டாவது ஆட்டத்திலிருந்து பயப்படவில்லை.

எங்களை லீக்கில் சேர்த்துவிட்டவர் எங்கள் ஊர் உரக்கடைக்காரர். கச்சிராயபாளையம் அணிக்கு அவரே பயிற்சியாளர், லீக்குக்கும் அவரே எல்லாம். கள்ளக்குறிச்சி அணியை ஒரு டீச்சர் நடத்தினார். களமருதூர் அணி ஒரு குத்தகை விவசாயியுடையது. நடுவரோடு சண்டை போடாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தால் அவருக்குச் சோறு இறங்காது. உளுந்தூர்பேட்டை அணி ரோட்டோரம் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற ஒருவருடையது. நாங்கள் நாலு பேரும் அவரைப் பஞ்சர்க்கடை அண்ணன் என்றே கூப்பிட்டோம். லீக்கை ஜெயித்தது அவர் அணிதான், ஒரு ஆட்டம் கூடத் தோற்காமல்.

அவருக்கு எண்ணுகிற பழக்கம் உண்டு. ஒரு பழைய டயரை மைதானத்து ஓரத்தில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, சாக்கட்டியால் அந்த டயரிலேயே கோடு கிழித்துக்கொண்டிருப்பார். அவர்கள் ஊரில் எங்களுக்குப் பதினொரு கோல் விழுந்த அன்று என் கோல்கீப்பர் பெண் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள், இனிமேல் வர மாட்டேன் என்றாள். பஞ்சர்க்கடை அண்ணன் வந்து அவளைக் கூப்பிட்டு டயரைக் காட்டினார்.

“உள்ள போனது பதினொண்ணு. நீ புடிச்சது இருவத்தி மூணு. எண்ணிப் பாத்துக்கோ.”

அவள் நிஜமாகவே குனிந்து எண்ணினாள். இரண்டு தடவை எண்ணினாள். அடுத்த வாரம் எல்லோருக்கும் முன்னால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

எங்கள் லீக்கில் ஒரு வழக்கம். எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊர்க்காரர்கள் மத்தியானச் சாப்பாடு போட வேண்டும். புளிசாதமோ தக்காளிசாதமோ ஒரு அண்டா. ஆட்டம் முடிந்ததும் யார் ஜெயித்தது என்ற பேச்சு வராது. பயிற்சியாளர்கள் தட்டுகளுக்கு நடுவே நடந்து யாருக்கு இன்னும் சோறு விழவில்லை என்று பார்ப்பார்கள். எல்லோருக்கும் விழுந்த பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். தன் அணிப் பெண்ணை விட வந்த அணிப் பெண்ணின் தட்டுத்தான் முதலில் கண்ணில் படும். களமருதூர்க்காரர்கூட, அதுவரை என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர், என் பெண்களுக்கு அப்பளம் வரவில்லை என்று பரிமாறுகிறவனைத் திட்டுவார். இந்த நல்ல பழக்கம்தான் பிற்பாடு எங்களைக் கவிழ்த்தது.

லீக் முடிகிற சமயத்தில் இரண்டு விஷயம் நடந்தது. முதலாவது, சென்னை–திருச்சி ரோட்டை நாலு வழியாக்குகிறார்கள் என்று பஞ்சர்க்கடையை இடித்துவிட்டார்கள். அண்ணன் திருப்பூரில் மச்சான் வைத்திருந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போக முடிவு செய்துவிட்டார். பல வருஷமாக மண்ணில் கிழித்த கோட்டுக்கும் ஒட்டின பந்துக்கும் அவர் யாரிடமும் ஒன்றும் வாங்கியதில்லை. அவரை இப்படியே அனுப்பிவிடக் கூடாது என்று எங்கள் நாலு பேருக்கும் இருந்தது.

இரண்டாவது, உரக்கடைக்காரர் விதை மடிக்க வைத்திருந்த பழைய பேப்பரில் ஒரு படம் பார்த்தார். ஒரு கண்டம் முழுவதற்கும் வருஷா வருஷம் சிறந்த கால்பந்து வீரரையும் சிறந்த பயிற்சியாளரையும் தேர்ந்தெடுத்து விருது கொடுக்கிறார்கள். ஆப்பிரிக்காவா ஆசியாவா, எனக்கு இப்போது நினைவில்லை. கோட்டு போட்ட ஒருவர் கவரைப் பிரிக்கிறார், இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அந்தச் செய்தியில் அவருக்குப் பிடித்துப்போனது ஓட்டுப் போடுகிற முறை. கேப்டன்கள் சேர்ந்து சிறந்த வீரரையும், பயிற்சியாளர்கள் சேர்ந்து சிறந்த பயிற்சியாளரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தன் அணிக்கே போட்டுக்கொள்ளக் கூடாது. யார் யாருக்குப் போட்டார்கள் என்பது ரகசியம்.

“ஒரு கண்டத்துக்கே செய்றாங்க. அஞ்சு ஊருக்கு நம்மளால முடியாதா?” என்று போனில் கேட்டார். அதோடு நிற்காமல் அண்ணனையும் தனியாகக் கூப்பிட்டு, விழாவுக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு குடும்பத்தோடு வரச் சொல்லிவிட்டார். ரகசிய ஓட்டு என்பது அவரைப் பொறுத்தவரை அவ்வளவு ரகசியம்.

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி, கச்சிராயபாளையம் சமுதாயக் கூடம். உரக்கடைக்காரர் தன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பட்டன் மாட்டவில்லை, வியர்வை மட்டும் பெருகியது. முன்வரிசையில் அண்ணன், புது நீலச் சட்டையில் கஞ்சி மொடமொடக்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் சம்சாரம், மடியில் சின்னப் பெண், அடுத்த நாற்காலியில் பெரியவள். அந்த அம்மா பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். கணவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கே போகிறார் என்று அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாகப் பார்க்க வந்திருந்தார்.

ஓட்டுப் போட ஆளுக்கொரு துண்டுச்சீட்டும் ஒரு மொய்க் கவரும் கொடுத்தார்கள். நான் பேனாவை எடுத்தேன். அண்ணன் பெயரை எழுதத்தான் எடுத்தேன். அப்புறம் ஒரு யோசனை வந்தது. அவருக்குத்தான் எல்லோரும் போடுவார்களே. அவருக்கு மூன்று விழுந்தாலும் ஜெயிப்பார், நாலு விழுந்தாலும் ஜெயிப்பார். ஆனால் களமருதூர்க்காரருக்கு யார் போடுவார்கள்? வருஷம் முழுக்க எல்லோரிடமும் சண்டை போட்ட மனுஷன். எத்தனை ஓட்டு என்று மைக்கில் வாசிப்பார்கள். அவர் அணிப் பெண்கள் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒன்றுகூட இல்லாமல் எப்படி வீட்டுக்குப் போவார்? ஒரு ஓட்டு, என் ஓட்டு, அவருக்கு இருக்கட்டுமே என்று களமருதூர் என்று எழுதி மடித்துப் போட்டேன். ரொம்ப நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்தேன்.

சிறந்த வீராங்கனை விருதில் ஒரு சிக்கலும் இல்லை. கேப்டன்கள் சின்னப் பெண்கள். யார் நன்றாக ஆடினாள் என்று கேட்டார்கள், யார் நன்றாக ஆடினாளோ அவள் பெயரை எழுதினார்கள். உளுந்தூர்பேட்டை பார்வர்டு பெண்ணுக்கு நாலு ஓட்டு. அவள் கேப்டன் மட்டும் விதிப்படி வேறொருத்திக்குப் போட்டிருந்தாள். கைதட்டல் ஓய நேரமானது.

அடுத்து பயிற்சியாளர் விருது. உரக்கடைக்காரர் முதல் கவரைப் பிரித்து மலை அணி என்று வாசித்தார். யாரோ என் மேல் இரக்கப்பட்டு ஒன்று போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது கவரிலும் மலை அணி. மூன்றாவது களமருதூர். கூடமே திரும்பிப் பார்த்தது, அவரும் தன் பின்னால் திரும்பி யாரோ என்று பார்த்தார். நாலாவதைப் பிரித்த உரக்கடைக்காரர் நெற்றி வியர்வையைக் கோட்டுக் கையால் துடைத்துவிட்டு வாசித்தார். மலை அணி. ஐந்தாவதை அவர் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, கவருக்குள் இன்னொரு சீட்டு இருக்கிறதா என்று விரல் விட்டும் பார்த்தார். அதிலும் மலை அணிதான்.

உளுந்தூர்பேட்டைக்கு ஒரு ஓட்டுக்கூட இல்லை. அண்ணனின் பெரிய பெண், அப்பா பேரை இன்னும் வாசிக்கவில்லையே என்று அம்மாவிடம் கேட்டது மூன்றாவது வரிசை வரைக்கும் கேட்டது. அந்த அம்மா புடவைத் தலைப்பைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டார். முதலில் கைதட்டியது அண்ணன்தான். அவர் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள். யாரோ என் கையில் கோப்பையைத் திணித்தார்கள்.

எல்லோரும் என்னைப் போலவே யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. அவருக்கு எப்படியும் விழும், விழாதவருக்கு நாம் போடுவோம் என்று எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஏழு ஆட்டம் தோற்றவள் நான். யாருடைய கண்ணிலும் முதலில் பட்ட காலித் தட்டு என்னுடையது. கோப்பையைத் தூக்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. அவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

கள்ளக்குறிச்சி டீச்சர்தான் எழுந்தார். ரகசியம் என்பதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டுத் தான் என்ன நினைத்து எழுதினோம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். முதல் வருஷம் தன் அணிக்கு வலை இல்லாதபோது லாரி தார்ப்பாய்க் கயிற்றில் அண்ணன் உட்கார்ந்து வலை பின்னிக் கொடுத்ததைச் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார். அடுத்து உரக்கடைக்காரர் மைக்கிலேயே பேசினார், கோட்டைக் கழற்றிவிட்டு. இந்த லீக் இரண்டு வருஷம் நின்றுபோகப் பார்த்தபோதெல்லாம் சைக்கிளில் வந்து தன் கடை வாசலில் உட்கார்ந்து, சரி என்று சொல்கிற வரைக்கும் எழுந்திருக்காதவர் இவர்தான் என்றார்.

களமருதூர்க்காரர் கடைசியாக எழுந்தார். அவர் எழுந்தால் சண்டை என்று பழகியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

“எனக்கு நல்லதா நாலு வார்த்தை பேச வராது. மத்தவங்ககிட்ட தோத்தா வூட்டுக்குப் போயி ராத்திரி பூரா தூக்கம் வராது. இவருகிட்ட தோத்தா வரும். அது இன்னான்னு எனக்குச் சொல்லத் தெரியல,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மறு ஓட்டு நடத்தலாம் என்றார் உரக்கடைக்காரர். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. “ஓட்டுப் போட்டாச்சுங்க. இத மாத்தினா நாளைக்கி கோலையும் மாத்தச் சொல்வீங்க,” என்றார். கூடம் சிரித்தது, அவர் சம்சாரமும் சிரித்தார். அதன் பிறகு சாப்பாடு. எல்லோரும் மாறி மாறி அண்ணன் குடும்பத்துக்குப் பரிமாறினார்கள். அந்த அம்மாவின் இலையில் வடை நாலு சேர்ந்துவிட்டது.

மூன்று பேர் பேசிவிட்டார்கள். நான் பேசவில்லை. கையில் கோப்பையை வைத்துக்கொண்டு, உங்களுக்கு நான் போடவில்லை என்று எப்படிச் சொல்வது? என் பெண்கள் வேறு சந்தோஷமாகக் கோப்பையைக் கேட்டு வாங்கி முகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்குப் பேர்போனவள் நான், அன்றைக்கு ஊமையாக மலையேறினேன்.

புதன்கிழமை அவர் சேலம் பஸ்ஸில் போகிறார் என்று தெரியும். உளுந்தூர்பேட்டையில் ஏறினால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நிற்கும். அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். துணிப்பையில் கோப்பை. அதை அவர் கையில் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று வழியெல்லாம் தோன்றியது.

பஸ் வந்தது. சம்சாரமும் பிள்ளைகளும் ஜன்னலோரம் இருந்தார்கள். தண்ணீர் பாட்டில் வாங்க அவர் இறங்கினார். என்னைப் பார்த்ததும், “இன்னாங்க நர்ஸம்மா, இன்னிக்கு மாத்திரை குடுக்கப் போவலையா?” என்றார். நான் பையை நீட்டினேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அண்ணே, நான் உங்களுக்குப் போடல,” என்றேன். “களமருதூர்க்காரருக்குப் போட்டேன். உங்களுக்கு விழும்னு நெனச்சேன். அன்னிக்கு எல்லாரும் எழுந்து சொன்னாங்க, நான் சொல்லல. நீங்க டயர்ல கோடு கிழிச்சிக் காட்டலன்னா என் கோல்கீப்பர் அன்னிக்கே நின்னுருப்பா. அவ நின்னிருந்தா மத்ததும் நின்னுருக்கும். எனக்கு டீமே இருந்திருக்காது. அத எழுத வேண்டிய சீட்டுல வேற பேரை எழுதிட்டேன்.”

அவர் திரும்பி ஜன்னலோரம் இருந்த சம்சாரத்தைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

“வுடுங்க. நாலு ஓட்டு வாங்கியிருந்தா கப்பை எடுத்துகினு போயிருப்பேன். எதுக்குப் போட்டாங்கன்னு தெரிஞ்சிருக்காது. என் சம்சாரம் காதால கேட்டுச்சு. அது போதுங்க எனக்கு.”

அப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. இது நாலு பேர் பாவம் பார்த்துப் போட்ட கோப்பை, இதை வீட்டில் எங்கே வைப்பேன், நீங்களும் அப்படித்தானே போட்டீர்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்டது சண்டை போடுகிற குரலில்தான்.

“மூணு பேருன்னு சொல்லுங்க,” என்றார். “நான் பாவம் பாத்துப் போடல. மொத மேட்சுக்கு நீங்க ஏழு பொண்ணுங்களோட வந்தீங்க. கடைசி மேட்சுக்குப் பத்தொம்பது. நான் எண்ணிகினுதான் இருந்தேன். என் டீமு ஜெயிச்சிகினே இருந்துச்சு, இருவதுலேர்ந்து பதிமூணா கொறஞ்சி போச்சு. நீங்க தோத்துகினே இருந்தீங்க, ஆளு ஜாஸ்தி ஆயிகினே வந்துச்சு. அது எப்படின்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியலங்க. அதான் உங்க பேர எழுதினேன்.”

டிரைவர் ஹாரன் அடித்தார். அவர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். சின்னப் பெண் ஜன்னலில் கையாட்டியது, நானும் ஆட்டினேன் என்று நினைக்கிறேன். பஸ் திரும்பி சேலம் ரோட்டில் மறைந்த பிறகும் அங்கேயே நின்று, விழுந்த கோல்களைத் தவிர எதையும் எண்ணாத நான், ஒவ்வொரு பெண்ணாகப் பெயர் சொல்லி விரல் விட்டு எண்ணினேன். பத்தொன்பதுதான். எப்போது வந்தார்கள், யார் யாரைக் கூட்டி வந்தார்கள், எனக்கே தெரியவில்லை.

அதற்கப்புறம் பதினான்கு வருஷம் அந்தப் பெண்களோடும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களோடும் இருந்தேன். நாங்கள் ஜெயித்த ஆட்டங்களும் உண்டு, நிறைய இல்லை. அண்ணன் திருப்பூரில் எங்கே இருக்கிறார் என்று இப்போது தெரியாது. என் வாழ்க்கையில் ஒருவர் என்னைச் சரியாகப் பார்த்து, எண்ணி, எழுதிப்போட்ட ஒரே ஓட்டு அவருடையது. அவருக்கு நான் போடாமல் விட்டேன்.